சங்கிலியில் விடுபட்ட பெயர்

இலக்கியத் திங்களிதழ் ஒன்றில் விசாரணை ஆணையத்தின் அறிக்கையைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது முறையா என வாசக அன்பர்கள் வினவக்கூடும். காப்பியமும் கிஸ்ஸாவும் முனாஜாத்தும் படைப்போரும் பேசப்பட வேண்டிய பக்கங்களில் அரசாங்கக் காகிதத்துக்கு என்ன இடம்? வினா நியாயமானதே. ஆயினும், ஒரு நாட்டின் மனச்சான்று கவிதையில் மட்டும் எழுதப்படுவதில்லை. முதல் தகவல் அறிக்கையிலும் ஆணையிலும் சாட்சியத்திலும் அது எழுதப்படுகிறது. அவற்றையும் படிக்கத் தெரிந்தவனே முழுமையான வாசகன் என்பது நம் கருத்து.

நாம் மதரஸாவில் ஓதிய நாள்களில் நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. பாடம் ஒப்புவிக்கையில் ஒரு செய்தியை, “ஒருவர் கூறினார்” என்று தொடங்கினோம். உஸ்தாது கித்தாபை மூடி வைத்துவிட்டு, “அந்த ஒருவருக்கு வாப்பா உம்மா பெயர் வைக்கவில்லையா?” என்று கேட்டார்கள். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பின் அவர்கள் விளக்கிய பாடம் இன்றளவும் நம்மை விட்டு அகலவில்லை. செய்தியின் வாசகம் மத்ன். அதைக் கொண்டுவந்து சேர்த்தவர்களின் பெயர்த் தொடர் இஸ்னாத். வாசகம் எவ்வளவு அழகாயிருப்பினும், தொடரில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் ஹதீஸ் கலை வல்லார் அதை ஐயத்தோடே நோக்குவர். அறுந்த கண்ணியை அறுந்ததாகக் காட்டாமல், இணைந்தது போல் மறைத்துச் சொல்லுவதற்குத் ‘தத்லீஸ்’ என்று தனிப்பெயரே இட்டிருக்கிறார்கள்.

அதிகாரத்தின் முறைகேடுகளை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் நமக்குத் தெரியவில்லை. கட்டளைக்கும் ஓர் இஸ்னாத் உண்டு. யார் சொன்னார், யாரிடம் சொன்னார், யார் கையொப்பமிட்டார், யார் நிறைவேற்றினார் என்னும் தொடர் அது. அதிகாரம் தவறு செய்யும்போது முதற்காரியமாக அத்தொடரிலிருந்து ஒரு பெயரை உருவி எடுத்துவிடுகிறது. தவறு கண்ணுக்குத் தெரிகிறது, செய்வித்தவரைக் காணோம். முத்துக்குளித்துறை எனப் புகழ்பெற்ற நம் தூத்துக்குடிக் கரையே இதற்குப் பழைய சான்றும் புதிய சான்றும் தந்து நிற்கிறது.

பழைய சான்று சிலப்பதிகாரம். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், அதே சிலம்பைக் கோவலன் விற்க வந்திருப்பதாக மன்னனிடம் கூறுகிறான். மன்னனோ ஊடல் கொண்ட தேவியைத் தணிவிக்க அந்தப்புரம் நோக்கி விரைந்துகொண்டிருக்கிறான். செய்தி கொணர்ந்தவன் யார், அவன் சொல்லுக்குச் சான்று என்ன என்று கேட்கவில்லை. நின்ற நிலையில் காவலரை ஏவுகிறான். அவ்வேவலில் ஒரு வினைச்சொல் பிறழ்ந்தது என்று பழைய உரைகாரர் நுட்பம் பேசுவர். கொல்வதற்காகக் கொண்டுவரச் சொல்ல எண்ணியவன், கொன்றுவிட்டுச் சிலம்பைக் கொண்டுவரச் சொல்லிவிட்டானாம். அதன் பின்னரும் தடுக்க ஒரு வாய்ப்பிருந்தது. கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர் ஐயுறுகின்றனர். பொற்கொல்லன் கள்வர் தந்திரங்களை விரித்துரைத்து அவர்தம் ஐயத்தை மழுக்குகிறான். கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

வெட்டியவன் கடைநிலைக் காவலன், சொன்னவன் மன்னன், இடையில் நின்று பொய்யைக் கொண்டு சேர்த்தவன் அரண்மனைப் பொற்கொல்லன். இளங்கோவடிகள் இத்தொடரில் ஒரு கண்ணியையும் மறைக்கவில்லை. கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். மாணிக்கப் பரல் தெறிக்கிறது. அரசியின் சிலம்பிலோ முத்துப் பரல்கள். முத்து கொற்கைக்கு உரியது. கொற்கையோ இம்மாவட்டத்தில் இன்று கடலை விட்டு உள்ளடங்கிக் கிடக்கும் சிற்றூர். நம் கடல் தந்த முத்தே நம் மன்னனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது எனலாம். அப்போது நெடுஞ்செழியன், காவலன் பிழைத்தான் என்றோ பொற்கொல்லன் ஏமாற்றினான் என்றோ சொல்லித் தப்பவில்லை. பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு உயிர் துறந்தான். குற்றம் செய்த மன்னனைத் தமிழுலகம் முற்றாக வெறுக்காமற் போனதற்குக் காரணம் இதுவே. உயிர் விடுவதை நாம் போற்றவில்லை. பொறுப்பைக் கீழே தள்ளாத பண்பைப் போற்றுகிறோம்.

இனி, அண்மைக் காலத்துக்கு வருவோம். 1906இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கி அதற்குத் தோள் கொடுத்தார் என்பது நம் சமுதாயம் மறக்கலாகாத செய்தி. ஆட்சியர் விஞ்சும் துணை ஆட்சியர் ஆஷும் ஆங்கிலக் கப்பல் நிறுவனத்தின் நலம் நாடி நின்றனர். 1908 மார்ச் 12ஆம் நாள் சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். மறுநாள் கொந்தளித்த திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூடு நடந்து நால்வர் மாண்டனர். நீதிபதி பின்ஹே சிதம்பரனாருக்கு விதித்த தண்டனை 40 ஆண்டுகள். பின்னர் மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. பேசியவருக்குத் தண்டனை கிடைத்தது. சுட்டவர்க்கு விளக்கமே போதுமானதாயிற்று. அயலார் ஆட்சியில் அது வியப்பன்று. நம்மவர் ஆட்சியில் என்ன நேர்ந்தது என்பதே நம் வினா.

2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையால் நிலமும் நீரும் காற்றும் கெடுகின்றன என முறையிட்டும், அதன் விரிவாக்கத்தை எதிர்த்தும் அ.குமாரரெட்டியாபுரத்து மக்கள் தொடங்கிய போராட்டத்தின் 100ஆம் நாள். தடையுத்தரவையும் மீறி மக்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கித் திரண்டனர். வாகனங்கள் எரிந்தன என்பதும் உண்மை. துப்பாக்கிகள் வெடித்தன என்பதும் உண்மை. அன்றும் மறுநாளும் சேர்த்து 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த இளம்பெண் ஒருத்தியும் அவர்களுள் இருந்தாள். மே 28ஆம் நாள் ஆலையை நிரந்தரமாக மூட அரசு ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் அம்மூடலை நிலைநிறுத்தியது. 2024 பிப்ரவரி 29ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் ஆலை நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மக்கள் கேட்டது பொருளற்றதன்று என இதனால் விளங்கும். ஆனால், சுடச் சொன்னது யார் என்ற கேள்வி ஆலை மூடியதோடு மூடிவிடவில்லை.

ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் அமைந்த ஒருநபர் ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 2022 மே 18ஆம் நாள் இறுதி அறிக்கையை முதலமைச்சர் மு.க.ஸ்டாலினிடம் அளித்தது. ஓர் ஆங்கில இதழில் அதன் பகுதிகள் வெளிவந்த பின்னர், அக்டோபர் 18ஆம் நாள் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அதே நாளில் ஜெயலலிதாவின் மரணம் குறித்த ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கையும் வைக்கப்பட்டமையால், ஊரின் வாய் அதையே மென்றது. 13 எளிய உயிர்களைப் பற்றிய அறிக்கை ஓரமாய் அமர்ந்தது.

அவ்வறிக்கையை ஒரு நூலாகக் கொண்டு நோக்கின், அதன் முதற்சிறப்பு அது பெயர்களைச் சொல்லுகிறது என்பதாம். சுடும் உத்தரவு துணை வட்டாட்சியர் நிலையிலான அலுவலர் பெயர்களில் காட்டப்பட்டிருந்தது. ஒரு நகரத்தையே உலுக்கிய முடிவின் இஸ்னாத், வருவாய்த்துறையின் கீழ்ப்படிக்கட்டில் தொடங்கி அங்கேயே முடிந்துவிட்டது! இதனினும் தெளிவான தத்லீஸை நாம் கண்டதில்லை. ஆணையம் அத்தொடரை ஏற்காமல் மேலே ஏறிச் சென்றது. தென்மண்டலக் காவல்துறைத் தலைவர், சரகத் துணைத் தலைவர், மாவட்டக் கண்காணிப்பாளர் முதலாகக் காவலர் வரையில் 17 பேர்மீதும், அன்றைய ஆட்சியர் உள்ளிட்ட வருவாய்த்துறையினர்மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அந்நேரத்தில் ஆட்சியர் தலைமையிடத்தில் இல்லாது கோவில்பட்டியில் இருந்ததைக் குறையாகச் சுட்டியது.

இரண்டாம் சிறப்பு, அது சொல்லைப் பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது என்பது. தற்காப்புக்காகச் சுட்டோம் என்னும் வாசகத்தை, குண்டு எத்திசையிலிருந்து உடலுக்குள் புகுந்தது என்னும் மருத்துவக் குறிப்போடு வைத்துச் சோதிக்கிறது. ஓடுகிறவர்களை மறைவிடத்திலிருந்து சுட்டனர், தூண்டுதலின்றிச் சுட்டனர் என்னும் முடிவுக்கு வருகிறது. இக்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் வணிகர் முத்துகளைத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்துத் தரம் பிரித்தனர். பெருமுத்து மேல்தட்டிலேயே தங்கும், பொடி கீழே இறங்கும். வாய்ச்சொல்லை இவ்வாறு சலித்தெடுக்கும் பொறுமை இவ்வறிக்கையில் காணப்படுகிறது.

அன்றைய முதலமைச்சர் எடப்பாடி கே.பழனிசாமி, நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியைப் பார்த்தே அறிந்ததாகச் செய்தியாளரிடம் கூறியிருந்தார். தலைமைச் செயலாளரும் காவல்துறைத் தலைமை இயக்குநரும் உளவுப்பிரிவுத் தலைவரும் அவருக்கு அவ்வப்போது தகவல் தந்துகொண்டிருந்தனர் என்பதைச் சாட்சியங்களால் காட்டி, அக்கூற்று சரியன்று என ஆணையம் எழுதியது. இவ்விடத்தில்தான் அறிக்கையின் குறையும் வெளிப்படுகிறது. உச்சியில் சொல்லப்பட்டது சரியன்று என்று கண்டபின்னும், நடவடிக்கைக்கான பரிந்துரை காவல்துறையினரோடும் வருவாய்த்துறையினரோடும் நின்றுவிடுகிறது. மத்னைப் பொய்யென்று கண்டவர், அறிவிப்பாளரைப் பற்றி வாய் திறவாது நூலை முடித்தது போன்றது இது.

மற்றொரு குறை ஆணையத்தினுடையதன்று. அதைப் படைத்த சட்டத்தினுடையது. 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டத்தின்படி ஆணையத்தின் முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது. அது பரிந்துரைக்கலாம், அரசு விரும்பினால் ஏற்கலாம். அறிக்கை வைக்கப்பட்ட நாள்களில் பணியிடை நீக்கம் பெற்றோர் ஓர் ஆய்வாளரும் மூன்று காவலர்களுமே. ஆட்சி மாறியிருந்தது, அறிக்கையைப் பெற்றவர்கள் முன்பு எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து நீதி கேட்டவர்கள். எனினும் பொறுப்பு கீழ்நோக்கி வழியும் பழக்கம் மாறவில்லை. இதை ஒரு கட்சியின் குறையாகக் காண்போர் ஏமாறுவர். இது நாற்காலியின் நோய்.

புதிய சான்றுகளுள் இரண்டாவது சாத்தான்குளம். 2020 ஜூன் 19ஆம் நாள், ஊரடங்கு நேரம் கடந்தும் கைப்பேசிக் கடை திறந்திருந்தது என்று சொல்லி ஒரு தந்தையையும் அவர்தம் மகனையும் காவல்நிலையத்துக்குக் கொண்டு சென்றனர். மகன் 22ஆம் நாள் இரவும், தந்தை 23ஆம் நாள் காலையும் மாண்டனர். இடையில் நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். அவ்விருவரும் தரையில் புரண்டு தாமே காயப்பட்டனர் என்று முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்டது. சிறைக்கு அனுப்பத் தக்க உடல்நிலை என்று மருத்துவச் சான்று தரப்பட்டது. நீதித்துறை நடுவர் காவலில் வைக்க ஆணையிட்டார். கோவில்பட்டிக் கிளைச்சிறை ஏற்றுக்கொண்டது. தொடரின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு கையொப்பம் இருந்தது. எந்தக் கையொப்பத்திலும் உண்மை இல்லை. இஸ்னாத் முழுமையாயிருந்தும் மத்ன் பொய்யாய்ப் போகக்கூடும் என்பதற்கு இதனைப் பாடமாக வைக்கலாம்.

பொய்யை உடைத்தவை இரண்டு. அண்டைக் கடையின் கண்காணிப்புக் கேமரா முதல் தகவல் அறிக்கைக்கு மாறான காட்சியைக் காட்டிற்று. காவல்நிலையத்துக் கேமராவோ, சேமிக்கப் போதிய இடமிருந்தும், நாள்தோறும் தானே அழிந்துபோகுமாறு அமைக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் வாட்டர்கேட் விசாரணையின்போது குடியரசுத் தலைவர் நிக்சனின் ஒலிநாடாவில் 18½ நிமிடம் வெறுமையாயிருந்ததை உலகம் அறியும். 1974 ஆகஸ்டில் அவர் பதவி விலகினார். அழிக்கப்பட்ட பகுதியும் ஒரு வகையில் சாட்சியே.

மற்றது ஒரு பெண்ணின் வாய்மொழி. சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி கோவில்பட்டி நடுவர் பாரதிதாசன் விசாரிக்கச் சென்றார். அக்காவல்நிலையத்திலேயே அவரை அவமதித்துப் பேசினர். காவல்நிலையத்தையே வருவாய்த்துறையின் பொறுப்பில் வைக்குமாறு நீதிமன்றம் ஆணையிடவேண்டிய நிலை வந்தது. அச்சூழலில் தலைமைக் காவலர் ரேவதி, விடிய விடிய அவ்விருவரும் தாக்கப்பட்டதையும், லத்தியிலும் மேசையிலும் இரத்தக் கறை படிந்திருந்ததையும் அச்சத்தோடே எடுத்துரைத்தார். தன்னோடு பணிபுரிவோர் வெளியில் நிற்கையில், தன் பெயராலேயே சாட்சி சொன்னார். “ஒருவர் கூறினார்” என்று அங்கே எழுத வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று.

ஹிஜ்ரி 450இல் மறைந்த காஜி மாவர்தீ இமாமவர்கள், அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா என்னும் நூலில் ‘மளாலிம்’ என்னும் முறைகேடு விசாரிக்கும் மன்றம் பற்றித் தனி அதிகாரமே எழுதியிருக்கிறார்கள். அம்மன்றத்தின் பணிகளுள் முதலாவதாக அவர்கள் வைப்பது, ஆளுநர்கள் குடிமக்கள்மேல் இழைக்கும் கொடுமையை ஆராய்வது. அதற்கு முறையிடுவோன் வந்து நிற்கவேண்டும் என்பதில்லை; அதிகாரியின் ஒழுக்கத்தை மன்றம் தானே தேடி ஆராய வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அம்மன்றத்தில் அமரவேண்டிய ஐந்து வகையினருள் சாட்சிகளுக்கும் ஓரிடம் உண்டு. சாட்சிக்கு இருக்கை தருகின்ற மன்றம்! நம் நாட்டில் சாட்சி வாசலில் நிற்கிறாள். பாதுகாப்புக்கும் விண்ணப்பம் போடவேண்டியிருக்கிறது. முஸ்லிம் அரசுகள் அனைத்தும் அந்நூலின்படி நடந்தன என்று நாம் சொல்ல வரவில்லை. நடவாதவர்களின் பட்டியல் நீளம் என்பதை வரலாறு படித்தோர் அறிவர். நூலில் உள்ள நீதி நாற்காலியில் இல்லாமற்போவது எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான துயரம்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். அரசு அலுவலர் கடும் நெருக்கடியில் பணிபுரிகின்றனர். திரண்டுவரும் கூட்டத்தின் முன் நின்று பார்த்தால்தான் தெரியும். பின்னாளில் அறையில் அமர்ந்து குறை சொல்வது எளிது என்பர். அதில் உண்மை இல்லாமலில்லை. காவலரும் நம் ஊர்ப் பிள்ளைகளே. ஆனால் நெருக்கடியில் நேர்ந்த தவறு வேறு. நெருக்கடி தீர்ந்தபின் அமைதியாக மேசை முன் அமர்ந்து எழுதப்பட்ட பொய் வேறு. முன்னதற்கு மனிதனின் பலவீனத்தைக் காரணம் காட்டலாம். பின்னதற்கு எதைக் காட்டுவது? நம் திறனாய்வு பின்னதையே குறிவைக்கிறது.

சிலப்பதிகாரத்தில் எல்லோரும் மறந்துவிடும் இன்னொரு செய்தி உண்டு. நெடுஞ்செழியனுக்குப் பின் கொற்கையிலிருந்து வந்து அரசேற்ற வெற்றிவேற்செழியன், கண்ணகிக்காக ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டானாம். ஒருவன் செய்த குற்றத்துக்கு ஒரு குலமே இரையானது. நீதியின் பெயரால் நிகழ்ந்த அநீதி அது. பொய்யைப் பரப்பியவன் பெயரைத் தேடிக் காண மனமில்லாத இடத்தில், கூட்டத்தைப் பழிதீர்த்துக்கொள்ளும் வெறி பிறக்கிறது. ஆகவே, காவல்துறையினர் அனைவரும் கொடியர், அதிகாரிகள் அனைவரும் கள்வர் என்று பேசித் திரிவதும் வெற்றிவேற்செழியனின் வாளைக் கையிலெடுப்பதே ஆகும். சாத்தான்குளத்தில் உண்மை சொன்னவரும் காக்கி உடுத்தவரே என்பதை மறக்கலாகாது.

நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று அரசுப் பணித் தேர்வுகளை எழுதுகின்றனர். சார்நிலை அலுவலராக, மருத்துவராக, ஆய்வாளராக அமரும் நாள் வரும். அன்று மேலிடத்திலிருந்து ஒரு குரல், நடந்ததை வேறாக எழுதி ஒப்பமிடச் சொல்லும். காகிதத்தில் குரலின் பெயர் இராது. பிள்ளையின் பெயர் மட்டும் இருக்கும். அந்தக் கணத்துக்கு அவர்களை ஆயத்தம் செய்வது பள்ளிக்கூடத்தால் மட்டும் ஆகாது. செய்தி கொண்டுவருவோனைத் தீர விசாரிக்கும்படி திருமறையின் 49ஆம் அத்தியாயம் பணிப்பதை, உணவு விரிப்பில் அமர்ந்து உண்ணுகையில், பக்கத்து வீட்டுச் செய்தியிலிருந்தே பழக்க வேண்டும். “யாரோ சொன்னார்கள்” என்று பிள்ளை வந்து கூறும்போது, “அந்த யாரோ யார்?” என்று தாயும் தந்தையும் கேட்கட்டும். தானே உடைத்த கிண்ணத்தைத் தம்பி உடைத்தான் என்று பிள்ளை சொல்லும்போது, கிண்ணத்தை மன்னித்துப் பொய்யைக் கண்டிக்கட்டும்.

தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. நம் உஸ்தாது கேட்ட கேள்வி முடியவில்லை. 13 பேரின் வீடுகளிலும், ஒரே நாள் இடைவெளியில் இரண்டு ஜனாஸாக்களைக் கண்ட வீட்டிலும் அது இன்னும் கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. சொன்னவருக்குப் பெயர் இல்லையா?